அயனி நடந்த நாட்கள்

கோயில் நகர்ந்துவிட்டது என்றுதான் இரட்டைத்துறையில் முதலில் பேச்சு கிளம்பியது. மாதா பிறந்தநாள் திருவிழாக் கொடி இறங்கிய மறுவாரம், கரைக்கு வந்த வள்ளம் ஒவ்வொன்றும் ஒரே குறையைச் சொல்லிக்கொண்டு வந்தது: மீன் கூடுகிற கடலடிப் பாறையான பார் இருக்கிற இடத்தில் பார் இல்லை, கல்லில் விழ வேண்டிய தூண்டில் சேற்றில் விழுகிறது, அப்பன் காட்டிய இடம், அப்பனுக்கு அவன் அப்பன் காட்டிய இடம், இப்போது வெறும் தண்ணீராகக் கிடக்கிறது.

எங்கள் ஆட்கள் கடலில் ஓர் இடத்தைத் தேடும்போது கடலைப் பார்ப்பதில்லை, கரையைத்தான் பார்ப்பார்கள். கோயில் கோபுரத்துச் சிலுவையும், அதற்குப் பின்னால் வெகுதூரத்தில் மலைக்காட்டுக்கு மேலே தனியாகத் தலைநீட்டி நிற்கிற கொண்டைமரமும் ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்க வேண்டும். அதே நேரத்தில் மேற்கே கலங்கரை விளக்கும் அதன் பின்னாலுள்ள மலைப்பிளவும் சேர வேண்டும். இந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். இதற்குக் கணியம் என்று பேர். கடல் நாளுக்கு நாள் மாறும், நீரோட்டம் மாறும், மணல் மாறும். கோயிலும் மரமும் மாறாது என்பதுதான் எங்கள் ஊரின் முழு நம்பிக்கையும். அதனால் கணியம் தப்பியதும் எல்லோருக்கும் சந்தேகம் மனுஷர் கை பட்ட பொருளின் மேல்தான் போனது. பத்துப் பதினைந்து பேர் கயிற்றை எடுத்துக்கொண்டு கோயிலை அளக்க வந்துவிட்டார்கள்.

"சாமி, திருவிழாவுக்கு வெள்ளையடிச்சப்ப கோவிலக் கொஞ்சம் தள்ளி வச்சிட்டியளா?" என்று கேட்டார்கள்.

"தள்ளி வைக்கிறதுக்கு அது என்ன அலமாரியாவே?" என்றார் பங்குச்சாமியார். ஆனாலும் அவரும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

கொடிமரத்திலிருந்து வாசற்படி வரை அளந்தார்கள். பழைய அளவு அப்படியே இருந்தது. தொம்மை அண்ணன் மட்டும் அளக்க வராமல் மணலில் உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கணியம் பிடிப்பதில் அவருக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. அறுபது வயதுக்கு மேல் ஆகியும் தூரப்பார்வை மங்காத கண்.

"கோவில் எங்கயும் போகல. மரம்தான் கிளம்பிட்டு. முந்தாநாள் இருந்ததுக்கு இன்னைக்கு ஒரு விரற்கடை கிழக்க நிக்கி" என்றார்.

கேட்டதும் எல்லோருக்கும் மனது ஆறியது. மரம் நடப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. கோயில் இருந்த இடத்தில் இருக்கிறது, அது போதும். இளவட்டங்களிடம் ஜிபிஎஸ் பெட்டி இருந்தது, அதில் பார் எல்லாவற்றுக்கும் நம்பர் இருந்தது, ஒரு வாரத்துக்குள் ஊர் கொண்டைமரத்தை மறந்து பெட்டிக்கு மாறிவிட்டது. மாற முடியாமல் நின்றவள் ஒருத்தி மட்டும்தான்.

அவள் பெயர் வியாகுலம். தொம்மையின் தங்கை, கருவாடு விற்கிறவள், நாற்பத்தாறு வயது. பதினேழு வருஷத்துக்கு முன்னால், அவள் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது, புருஷன் எஸ்தாக்கி அவள் அண்ணனோடு ஒரே வள்ளத்தில் போய், வள்ளம் கவிழ்ந்து, திரும்பி வராமல் போனான். கவிழ்ந்த வள்ளத்தின் அடிப்பலகையில் தொற்றிக்கொண்டிருந்த தொம்மை, மச்சான் கடைசியாக முங்கிய இடத்தைப் பார்த்தார், உடனே தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தார்: சிலுவைக்கு மேலே கொண்டைமரம், விளக்குக்கு மேலே மலைப்பிளவு. முப்பத்திரண்டு பாகம் ஆழம், அதாவது முப்பத்திரண்டு ஆள் உயரம். உடல் கிடைக்கவில்லை, கிடைத்தது அந்த இரண்டு கோடுதான். எஸ்தாக்கிக்குக் கல்லறை என்று இருந்தது அது மட்டும்தான்.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளன்று, ஊர்ப் பெண்கள் எல்லாம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்த, வியாகுலம் பூவையும் திரியையும் அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கரையில் நிற்பாள். எங்கள் ஊரில் பெண்கள் வள்ளத்தில் ஏறும் வழக்கமில்லை. தொம்மை போய், கணியம் பிடித்து, பூவைப் போட்டுவிட்டு வருவார். "போட்டாச்சு" என்பார். "சரியா அங்கதானே?" என்பாள். "அங்கதான்" என்பார். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் அடுத்த வருஷம் வரை இருந்துவிடுவாள்.

அந்த இடத்துக்கு எந்தப் பெட்டியிலும் நம்பர் கிடையாது. ஆள் போன இடத்தில் எங்கள் ஊரில் யாரும் வலை போடமாட்டார்கள், வலை போடாத இடத்துக்கு நம்பர் எதற்கு? மரம் நடந்தபோது எஸ்தாக்கியின் இடமும் காணாமல் போயிற்று. கல்லறைத் திருநாளுக்கு நாற்பத்தைந்து நாள் இருந்தது.

"பழைய இடத்த ஞாபகத்துல பிடிக்க முடியாதாண்ணே?"

"ஏட்டி, கடல்ல ஞாபகத்துக்கு என்ன வெல? ஒரு விரற்கடை தப்பினா ஒரு மைல் தப்பும். எங்கயோ ஒரு தண்ணில பூவப் போட்டுட்டு வந்து உங்கிட்ட அங்கதான்னு சொல்லுவனா?"

வியாகுலம் மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்தாள்.

அது மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்கச் சைக்கிள். மகள் நர்ஸ் வேலைக்குச் சென்னைக்குப் போய்விட, அம்மா அதில் கருவாட்டுப் பெட்டியைக் கட்டி நெடுஞ்சாலை வரைக்கும் போய் விற்றுவருவாள். அதற்கு வடக்கே அவள் போனதில்லை. எங்களில் யாருமே போனதில்லை. நூறு வருஷமாக அந்த மரத்தைப் பார்த்தே வயிறு வளர்த்த ஊரில் ஒருவர்கூட அது நிற்கிற இடத்துக்குப் போய் அதைத் தொட்டுப் பார்த்தது கிடையாது, பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் கிடையாது.

கரையை விட்டதும் செம்மணல் தேரியும் பனைகளும் வந்தன. மணலில் சக்கரம் புதைகிற இடத்தில் இறங்கித் தள்ளினாள். ரயில்வே கேட் தாண்டியதும் தார்ச்சாலை; நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்ததும் காற்றில் உப்பு போய்விட்டது, அதுவரை உப்பில்லாத காற்றை மூச்சிழுத்துப் பழகாதவளுக்கு என்னவோ பசியில்லாத நாளில் சோற்றின் முன் உட்கார்ந்த மாதிரி இருந்தது. குளங்கள் வந்தன, ஒன்றின் தண்ணீர் தெரியாமல் தாமரை மூடியிருந்தது, இன்னொன்றில் எருமைகளின் மூக்கு மட்டும் மிதந்தது. வாழைத்தோப்பு வந்தது, இரண்டு பக்கமும் இலைகள் சாலைக்கு மேலே வந்து தோளில் தட்டின. தென்னந்தோப்பின் நிழலும் வெயிலும் மாறி மாறி விழுந்து கண் கூசியது. அப்புறம் ஏற்றம், ரப்பர் மரங்கள், ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் கட்டிய சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, கோடு போட்டது மாதிரி, காடு. காலையில் காற்று மலையிலிருந்து கடலுக்கு அடிக்கும், மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து மலைக்கு அடிக்கும். அவள் போகும்போதும் எதிர்காற்று, வரும்போதும் எதிர்காற்று.

காட்டின் விளிம்பில் மஞ்சணத்திவிளை என்று இருபது வீட்டு ஊர். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் வியாகுலத்துக்குத் தன் தப்பு உறைத்தது. கடலிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு மரம்; உள்ளே வந்து பார்த்தால் எல்லாமே மரம், எல்லாமே உயரம்.

ரப்பர் ஷீட்டுகளைத் துணி மாதிரி கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருத்தியிடம் கேட்டாள்: "தங்கச்சி, கொண்டைமரம் எங்க நிக்கி?"

"அப்படி ஒரு மரம் இங்க இல்லியேக்கா."

"இருக்கு. கடல்ல நின்னு பாத்தா கொண்ட போட்ட தல மாதிரி தெரியும்."

"கடல்ல நின்னு நான் எப்பம் பாத்தேன்?" என்று அவள் சிரித்தாள். "காயா பழமா, பூ என்ன நெறம்? அதச் சொல்லு."

வியாகுலத்துக்குத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஒண்ணும் தெரியாது. இப்பம் கொஞ்ச நாளா எடம் மாறுது, அவ்வளவுதான் தெரியும்."

"அட, நடக்கிற அயனியா? இத முதல்லயே சொல்லப்பிடாதா?" என்றாள் அவள். அவள் பேர் ராசம்மை. புருஷன் கேரளாவில் ரப்பர் வெட்டப் போயிருந்தான். இங்கே வீட்டையும் விளை என்கிற தோட்டத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

அயனி மரம் நடக்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது, மஞ்சணத்திவிளை அதற்குள் பழகிப்போயிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம் கிளம்பும், நாலு மணி பஸ் வருவதற்குள் நின்றுவிடும், நாளுக்கு ஒரு பர்லாங்கு. கிளம்பும்போது ஈரச்சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், வேர் முழுவதும் மண்ணைக் கிளறிக்கொண்டு முன்னால் வரும், பின்னால் உழுத சால் மாதிரி நீளமாகப் பொடிமண் கிடக்கும். அதில் ஆட்கள் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கம்பு ஊன்றிவிட்டார்கள், அப்படி ஒரு மண்ணில் மரச்சீனி தொடை கனம் விழும் என்றார்கள். உச்சியில் இருந்த மலைத்தேன் கூடு மரத்தோடேயே வந்தது. வனக்காவலர் வந்து, மரத்தின் இடுப்பில் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைச் சரிபார்த்து, எண் மாறவில்லை என்பதால் இதில் நடவடிக்கை எடுக்க எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் டிரைவர் ஒருநாள் அது சாலையைக் கடக்கும்வரை இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை.

வியாகுலம் அதன் அடியில் போய் நின்றாள். பத்துப்பேர் கைகோத்தாலும் அடங்காத அடிமரம். கொண்டை தெரியவில்லை, கீழே நின்றால் வெறும் இலைதான். அவள் பட்டையில் கையை வைத்து, ஆள் காதில் சொல்வது மாதிரிச் சொன்னாள்: "திரும்பிப் போயிரு. இருந்த எடத்துக்குப் போயிரு. அவரு எங்க கெடக்காருன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

"அதுக்குப் பின்னால நடக்கத் தெரியாது போலக்கா. நாங்களும் சொல்லிப் பாத்தோம்" என்றாள் ராசம்மை.

அன்றிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் வியாகுலம் காட்டுக்குப் போனாள். கருவாட்டை வழியிலேயே விற்றுக்கொண்டு போவாள். நாலு மணிக்கு மரம் நின்றதும், நின்ற இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, எதிர்காற்றில் இறங்கி வருவாள். அவள் வருவதற்குள் தொம்மையும் கடலிலிருந்து வந்திருப்பார். அவர் தினமும் போய், நகர்ந்த மரத்தை வைத்தே கணியம் பிடித்து, ஈயக்குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பதினேழு வருஷம் ஒரு கோட்டைப் பிடித்தே பழகிய ஆளால் அதை விட முடியவில்லை, அவ்வளவுதான்.

"இன்னைக்கு முப்பது பாகம்" என்றார் ஒருநாள். அடுத்து இருபத்தெட்டு. அப்புறம் இருபத்தைந்து. அன்று சாயங்காலம் அவர் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னண்ணே?"

"பிள்ளே, மரம் கிழக்க போகப்போக ரெண்டு கோடும் வெட்டுற எடம் கரையப் பாத்து வருது. மச்சான் கெடக்குற எடம் காணாமப் போகலட்டி. அவன் வந்துக்கிட்டு இருக்கான்."

வியாகுலம் அரிந்துகொண்டிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மரத்தைத் திருப்பி அனுப்பத்தான் அத்தனை நாளும் அவள் சைக்கிள் மிதித்திருந்தாள்.

மறுநாள் முதல் ஊர் இதற்கும் பழகியது. எஸ்தாக்கியின் இடம் வருகிற வழியில் விரித்திருந்த வலைகளை ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். தொம்மை காலையில் இன்றைக்கு இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினால் வள்ளங்கள் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிட்டுப் போயின, சவ ஊர்வலத்துக்குச் சாலையில் வழிவிடுகிற மாதிரி. நல்ல நெத்திலி ஓட்டம் உள்ள இடத்தில் அது மூன்று நாள் நின்றபோதுகூட யாரும் முணுமுணுக்கவில்லை. சிறுவர்கள் பள்ளிக்கூடம் போகும்போது "எஸ்தாக்கி மாமா எத்தன பாகம்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கடலில் ஆளைக் கொடுத்த மற்றப் பெண்கள் வியாகுலத்தைத் தெருவில் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வேறு மரத்தைக் கணியமாக வைத்துப் புருஷனைத் தொலைத்த ஒருத்தி, "எங்க மரம் எப்பம் நடக்கும்னு அதுகிட்டக் கேட்டுட்டு வாயேன்" என்றாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கரைக்கு வந்தால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. எலும்பு வருமா, ஆளே வருவானா, வெறும் இடம் மட்டும் வந்து மணலில் நிற்குமா? யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் வியாகுலம் அவனுடைய ஒரு சட்டையைத் துவைத்து மடித்து வைத்ததை நாங்கள் பார்த்தோம்.

ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த ஒரு மத்தியானம், எஸ்தாக்கியின் இடம் பன்னிரண்டு பாகத்துக்கு வந்திருந்தது. வியாகுலம் காட்டில் குச்சி நட்டுவிட்டு நிமிர்ந்தவள், தன் குச்சிகளையே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தொம்மையின் தங்கை அல்லவா, கண் தானாக ஒன்றை ஒன்றின் மேல் வைத்தது; ஒரு குச்சியின் தலையில் அடுத்த குச்சி, அதன் தலையில் அடுத்தது, கோடு அப்படியே மரத்துக்கு முன்னால் நீண்டு, சரிவில் இறங்கி, ஒரு வேலியைத் தாண்டி, ஒரு வீட்டுப் பின்பக்கத்தில் சிமெண்ட் பூசின சின்ன மேடை ஒன்றில் போய் நின்றது. மேடை நாலடி நீளம்தான் இருந்தது. வீடு ராசம்மையின் வீடு.

மலையோரத்து ஆட்கள் தங்கள் விளையிலேயே தங்கள் ஆட்களைப் புதைப்பார்கள். ராசம்மைக்கு ஒரு மகள் இருந்தாள், ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்பது வியாகுலத்துக்குத் தெரியும்; ராசம்மை ஒருநாள் ரப்பர் ஷீட் மடித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். எங்கே என்று இவள் கேட்டதில்லை.

மரம் அங்கே போய்ச்சேர ஐந்து நாள் ஆகும். எஸ்தாக்கி கரைக்கு வர அது மொத்தம் பதினைந்து நாள் நடக்க வேண்டும். வேர் போன வழியில் மண் எப்படிக் கிடக்கும் என்று அவள் பார்த்திருக்கிறாள்.

அடுத்தநாள் அவள் ஒரு பொதி நெத்திலிக் கருவாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். தேரியில் தள்ளும்போதும், கேட்டில் நிற்கும்போதும், வாழைத்தோப்பிலும், ஏற்றத்திலும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்: தங்கச்சி, பிள்ளையை எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம், நம்ம சாமியார் வந்து செபிப்பார், செலவு எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், உனக்குப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று தெரியும், எனக்கு அதுகூடத் தெரியாது. தாமரைக்குளத்தின் கரையில் இறங்கி நின்று, முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ராசம்மை மேடைக்கு மேற்கே ஒரு குழி வெட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பளவு ஆழம், பத்தடி நீளம். மரம் முன்பு ஒருதரம் ஓடைக்கரையில் வந்து, ஓடையைத் திருப்பிவிடுகிறவரை மூன்று நாள் நின்றதை அந்த ஊரில் எல்லோரும் கண்டிருந்தார்கள். அது ஓடும் தண்ணீரை மிதிக்காது. அவள் தனியாகத்தான் வெட்டினாள். மரச்சீனி ஊன்றினவர்கள் யாரும் மரத்தை நிறுத்துகிற வேலைக்கு வரவில்லை.

"ஒரு ஓரமாப் போயிரும், பயப்படாதன்னு சொல்லுதாங்கக்கா" என்றாள் மண்ணைத் தூக்கிப் போட்டுக்கொண்டே. "நீ குச்சி நட்டியே, அதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. அது ஓரமாப் போற மரம் இல்ல. எங்க வேணும்னாலும் போகட்டும், ஊர் பூரா சுத்தட்டும், எம்பிள்ள மேல நடக்கப்பிடாது."

வியாகுலம் வாயைத் திறந்தாள். ராசம்மை அதற்குள் குழியை விட்டு ஏறி வந்து, "இரு, சாப்பிடல நீ, மூஞ்சப் பாத்தாத் தெரியுது" என்று அவிச்ச மரச்சீனியும் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தியும் கொண்டுவந்தாள். கருவாட்டில் நாலை அப்படியே அடுப்பில் சுட்டாள். உட்கார நிழல் அந்த மேடையோரம் மட்டும்தான் இருந்தது, பக்கத்தில் ஒரு மஞ்சணத்தி மரம். வியாகுலம் அந்தச் சிமெண்டில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். சாய்ந்த இடம் வெயிலில் கொஞ்சம் சூடாக இருந்தது. ராசம்மை பேசிக்கொண்டே, தட்டிலிருந்து ஒரு துண்டு கருவாட்டைப் பிய்த்து மேடையின் தலைமாட்டில் வைத்தாள். பார்த்து வைக்கவில்லை, பேச்சின் நடுவில், கை பாட்டுக்கு வைத்தது.

வியாகுலம் தட்டைக் கழுவி வைத்தாள். தாமரைக்குளத்தில் சொல்லிப் பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி மண்வெட்டியை எடுத்தாள்.

"யக்கா, ஒனக்கு என்னத்துக்கு? ஒன் வீட்டுக்காரர் வாற வழிய நீயே அடைக்கியா?" என்று ராசம்மை கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"மண்ண அந்தப் பக்கம் போடு. இந்தப் பக்கம் போட்டா மழைக்குத் திரும்ப விழும்" என்றாள் வியாகுலம்.

நாலு நாள் இரண்டு பேரும் வெட்டினார்கள். வியாகுலம் ஊருக்கு வரவில்லை, அங்கேயே தங்கிவிட்டாள். முப்பதடி நீளத்துக்குக் கால்வாய் வெட்டி, ஓடையிலிருந்து தண்ணீரைத் திருப்பி விட்டபோது, அயனி சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் வந்தது, வேலியைச் சாய்த்தது, தண்ணீரின் விளிம்பு வரை வந்தது. ஒரு வேர் முன்னால் நீண்டு, நனைந்து, பின்னால் போயிற்று. அப்புறம் நின்றது. மறுநாள் மத்தியானமும் கிளம்பவில்லை. அதற்கு மறுநாளும் கிளம்பவில்லை. அதன் நிழல் காலையில் வேலிப்பக்கம் விழுந்தது, பிற்பகலில் மேடை முழுவதையும் மூடியது.

இரட்டைத்துறையில் தொம்மை ஈயக்குண்டை விட்டுப் பார்த்தார். ஒன்பது பாகம். அடுத்தநாளும் ஒன்பது. அதற்கு அடுத்தநாளும் ஒன்பது. பிள்ளையின் கல்லறைக்காகக் கால்வாய் வெட்டிய சேதி தங்கைக்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டது; அவள் வந்து சைக்கிளை விட்டு இறங்குமுன் அவர் கத்தத் தொடங்கிவிட்டார்.

"கூப்பிட்டாக் கேக்கிற தூரத்துல கொண்டுவந்து நிறுத்திட்டியேட்டி! இன்னும் பத்து நாளு! பத்தே நாளு! ஒனக்கு அவன் வேண்டாமா?"

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. எங்களில் பாதிப்பேர் தொம்மை பக்கம்தான்.

"வேணும்ணே" என்றாள் வியாகுலம். உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. "ஆனா அந்தப் பிள்ளைய மிதிச்சிட்டு வந்தா, வந்தவருக்கு நான் எப்படிச் சோறு போடுவேன்?"

தொம்மை தன் வள்ளத்துக்குப் போய் அதில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு நாள் தங்கையோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, எதையோ வெகுநேரம் கணக்குப் பார்த்தவர் மாதிரிச் சொன்னார்: "ஒம்பது பாகத்துல நின்னா நம்ம கோவில் மணி கேக்குது. மணிச்சத்தம் கேக்குற தூரம் வரைக்கும் ஊர்தான், கடல் இல்ல. பொம்பள ஏறப்பிடாதுங்கிறது கடலுக்குத்தான்."

வியாகுலம் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"திருநாளுக்கு நீயே வா" என்றார்.

ஊர் இதையும் ஒரு நாள் வாய்க்குள் போட்டு மென்றது. இரண்டு கிழவர்கள் முனகினார்கள். பங்குச்சாமியார், அன்றைக்கு மணியைக் கொஞ்சம் பலமாகவே அடிக்கச் சொல்வதாகச் சொன்னார்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வியாகுலம் மஞ்சணத்திவிளைக்குப் போனாள். மறுநாள் விடிந்ததும் ராசம்மையைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு இறங்கினாள். ராசம்மை மடியில் கேந்திப் பூவும் வாடாமல்லியும் ஒரு பொதி. ரப்பர் மரங்களுக்கு நடுவே, தென்னைகளுக்கு நடுவே, குளங்களின் ஓரமாக, மலைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, சைக்கிள் மிதிக்காமலேயே ஓடியது, ராசம்மை பயந்து இவள் இடுப்பை இறுகப் பிடித்திருந்தாள், நெடுஞ்சாலை தாண்டியதும் மூக்கை உறிஞ்சி, "என்னக்கா இது, காத்துல உப்பு கரிக்குது?" என்றாள். "காத்துன்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள் வியாகுலம்.

தொம்மை இருவரையும் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டார். கரையில் ஊர் நின்றது. அலையைத் தாண்டும்போது ராசம்மை கண்ணை மூடிக்கொண்டாள், அப்புறம் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தாள், வாயைக் கழுவிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பது மாதிரிச் சிரித்தாள். தொம்மை துடுப்பை ஒருபக்கமாக அழுத்தி வள்ளத்தை மெல்லத் திருப்பினார், நிறுத்தினார்.

"பிள்ளே, இப்பம் பாரு. சிலுவைக்கு மேல."

வியாகுலம் பார்த்தாள். கோயில் சின்னதாக, வெள்ளையாக இருந்தது. சிலுவையின் உச்சியில், தூரத்தில், நீலமாகக் கிடந்த மலையடியில், கொண்டை போட்ட ஒரு தலை. பதினேழு வருஷமாகச் சொல்லக் கேட்டதை முதன்முதலாகக் கண்ணால் கண்டாள். விளக்கும் பிளவும் சேர்ந்தன. கோயில் மணி அடித்தது, தண்ணீர்மேல் வழுக்கி வந்து வள்ளத்தில் முட்டியது. அவள் பூவைத் தண்ணீரில் விட்டாள். என்னென்னவோ சொல்ல வைத்திருந்தாள், வந்தது இவ்வளவுதான்: "மக மெட்ராஸ்ல இருக்கா. நல்லா இருக்கா."

ராசம்மை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து பார்க்க, அது ஒரு பிள்ளையின் தலைமாட்டில் ஆள் நிற்கிற மாதிரியே இருந்தது.

"இங்க ஆழம் எம்புட்டு அண்ணே?"

"ஒம்பது பாகம்மா. ஒம்பது ஆள் உசரம்னு வச்சுக்க."

"எம்பிள்ளைக்கு வெட்டுனப்ப நாலடியில பாறை வந்துட்டு. அதுக்கு மேல தோண்ட முடியல" என்றாள் ராசம்மை. பொதியிலிருந்த பூவில் பாதியை எடுத்து வியாகுலத்தின் பூவோடு விட்டாள், மீதியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரி காற்றில் பற்றவில்லை. வியாகுலம் கையால் மறைத்தாள், போதவில்லை. தொம்மை துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டுக் குனிந்து, தன் இரண்டு பெரிய கைகளையும் தங்கையின் கைகளுக்கு வெளியே குவித்தார். நாலு கைக்குள் சுடர் பிடித்தது. அண்ணனும் தங்கையும் அதையே பார்த்துக்கொண்டு, தலையோடு தலை முட்ட, அசையாமல் இருந்தார்கள். கடல் அதன் பாட்டுக்கு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"அண்ணே" என்றாள் ராசம்மை, மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சிலுவைய விட்டு விலகிட்டு. கொஞ்சம் கிழக்க தள்ளுங்க."

தொம்மை ஒரு கையைச் சுடரிலேயே வைத்துக்கொண்டு, மறுகையால் துடுப்பை எடுத்தார்.

"இன்னும்" என்றாள். "இன்னும் கொஞ்சம். நிறுத்துங்க. இதுதான்."